ஓடி விழுந்து சிரிக்க வைத்த போலீஸ் படை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

நகைச்சுவை பலவகைப்படும். சொல்லால் சிரிக்க வைப்பது ஒன்று; செயலால் சிரிக்க வைப்பது மற்றொன்று. பேச்சே இல்லாத ஊமைப்படக் காலத்தில் இரண்டாவது வகைதான் கொடிகட்டிப் பறந்தது. விழுதல், வழுக்குதல், மோதுதல், துரத்துதல் ஆகியவையே அந்நாளைய நகைச்சுவையின் இலக்கணம். இதனை ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்பர். அப்பெயர் வந்த கதை சுவையானது. இத்தாலி நாட்டுப் பழைய முகமூடி நாடகங்களில் வரும் கோமாளி தன் கையில் ஒரு கோல் வைத்திருப்பான். இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துச் செய்த கோல் அது. ஓங்கி அடித்தால் ‘படார்’ என்று அரங்கமே அதிரும். அடி வாங்கியவனுக்கோ அவ்வளவாக வலிக்காது. சத்தம் பெரிது, வலி சிறிது. இவ்வகை நகைச்சுவை முழுவதும் இந்தக் கோலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இந்தக் கோலடி யார் முதுகில் விழுந்தால் மக்கள் அதிகமாகச் சிரிப்பார்கள்? ஏற்கெனவே கந்தல் உடுத்திய ஏழை கீழே விழுந்தால் நமக்கு இரக்கம் வரும். மார்பை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, பளபளக்கும் பித்தளைப் பொத்தான்களுடன் நடந்து வரும் ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கினால்? சிரிப்பை அடக்க முடியுமா? ஆகவேதான் ஊமைப்படக் கலைஞர்கள் போலீஸ்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் பொம்மலாட்டத்திலும் கிறிஸ்துமஸ் கால நாடகங்களிலும் கோமாளியிடம் ஏமாறும் போலீஸ்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார். பிறகு 1907-ம் ஆண்டு பிரான்சு நாட்டின் பாத்தே நிறுவனம் ஒரு சிறு படம் எடுத்தது. கசாப்புக் கடையில் ஒரு நாய் இறைச்சித் துண்டைத் திருடிக்கொண்டு ஓடுகிறது. ஒரு போலீஸ் கூட்டமே அதைத் துரத்துகிறது. தெருக்களையும் சுவர்களையும் தாண்டி ஓட்டம் தொடர்கிறது. முடிவில் நாய் திரும்பி நின்று முறைக்க, வீரர்கள் அனைவரும் வந்த வழியே ஓட்டம் பிடிக்கிறார்கள்! இப்படிப்பட்ட பிரெஞ்சுத் துரத்தல் படங்களைப் பார்த்துத்தான் தாம் பாடம் கற்றதாக மாக் செனட் என்பவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

யார் இந்த மாக் செனட்? கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் 1880-ம் ஆண்டு ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பாடகராக விரும்பி, நடிகராகி, டி.டபிள்யூ. கிரிஃபித் என்னும் புகழ்பெற்ற இயக்குநரிடம் தொழில் பழகினார். 1912-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘கீஸ்டோன்’ என்ற பெயரில் படப்பிடிப்பு நிலையம் தொடங்கினார். அங்கிருந்து வெளிவந்த கோமாளிப் போலீஸ்காரர்களுக்கு ‘கீஸ்டோன் காப்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏதாவது ஒரு கூட்டம் குளறுபடி செய்தால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு.

1913-ம் ஆண்டு வெளியான ‘பாங்வில் போலீஸ்’ இவர்களைப் பிரபலப்படுத்திய படமாகும். பண்ணை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண், கொட்டகையில் ஆள் நடமாட்டத்தைக் கண்டு திருடர்கள் என்று அஞ்சித் தொலைபேசியில் போலீசை அழைக்கிறாள். தலைமைக் காவலர் ஓட்டை மோட்டார் வண்டியில் புறப்படுகிறார். வண்டியோ வழியில் வெடித்து நிற்கிறது. மற்றவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வந்து பார்த்தால் திருடனும் இல்லை, திருட்டும் இல்லை. கொட்டகையில் பசு கன்று ஈன்றிருக்கிறது! படம் பத்து நிமிடம்கூட ஓடாது.

அந்தப் பெண்ணாக நடித்தவர் மேபல் நார்மண்ட். இவரைப் பற்றித் தோழியர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்களுக்கு அமெரிக்கா முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1914-ல், இவர் கீஸ்டோனில் படங்களை இயக்கினார். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த சார்லி சாப்ளின், இளம் பெண் ஒருத்தியின் கட்டளைப்படி நடிப்பதா என்று முரண்டு பிடித்தார். இது சாப்ளின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் செய்திதான். எத்தனை பெரிய மேதையானாலும் இவ்விஷயத்தில் எனக்கு மேபலின் பக்கமே நியாயம் தெரிகிறது.

இனி, கீஸ்டோன் போலீஸ்காரர்களின் சிறப்பு எதில் இருக்கிறது என்று பார்ப்போம். முதலாவது, அவர்கள் கூட்டமாக விழுவார்கள். ஒருவர் விழுந்தால் அது தற்செயல். பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவராக, ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் விழுந்தால்? முன்னால் போகிறவர் விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்து பின்னால் வருகிறவரும் விழுகிறாரே! உத்தரவு வந்தால் யோசிக்காமல் ஓடும் ஒரு கூட்டத்தின் அறியாமை அதில் தெரிகிறது. அவர்களின் தலைவராக நடித்த ஃபோர்டு ஸ்டெர்லிங், தொலைபேசி மணி அடித்தாலே அந்தரத்தில் துள்ளுவார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே பீதி அடைவார்கள். பிறகு அத்தனை பேரும் ஒரே காரில் ஏறித் தொங்கிக்கொண்டு புறப்படுவார்கள். அப்புறம் நடப்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது, வேகம். இதில் ஒரு சிறு அறிவியல் இருக்கிறது. அந்நாளில் காமிராவின் கைப்பிடியைக் கையால் சுற்றியே படம் எடுப்பார்கள். வினாடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். காமிராக்காரர் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வினாடிக்கு 8 படங்களே எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வினாடி ஓட்டம் 80 படங்களில் அடங்கிவிடும். அதைத் திரையில் வினாடிக்கு 16 வீதம் காட்டினால் ஐந்தே வினாடியில் முடிந்துவிடும்! ஆக, மெதுவாகச் சுற்றினால் வேகமாக ஓடுவார்கள். (இதை என் தம்பிக்குப் புரியவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரம் முழுவதும் பொம்மை வரைந்து புரட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த நோட்டு கணக்கு நோட்டு என்பது வேறு விஷயம்.) கார்கள் சறுக்கிச் சுழல வேண்டும் என்பதற்காகச் சாலையில் சோப்பு நீரை ஊற்றுவதும் உண்டு. அந்தச் சறுக்கலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அந்த நடிகர்களே. கோமாளியின் கோல் வலிக்காது என்றேன். படப்பிடிப்பில் பலருக்கு உண்மையாகவே வலித்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நான்காம் கட்டளை தாய் தந்தையரை மதிக்கச் சொல்கிறது. பெற்றோரை மட்டுமன்று, நம்மை நடத்தும் பொறுப்பில் உள்ள அனைவரையும் அது குறிக்கும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அப்படியானால் சட்டத்தைக் காப்பவர்களைக் கண்டு கைதட்டிச் சிரிப்பது முறைதானா?

இதற்கு விடை காண, அந்தப் படங்களை அன்று பார்த்தவர்கள் யார் என்று அறிய வேண்டும். ஐந்து சென்ட் கொடுத்துச் சிறு கொட்டகைகளில் படம் பார்த்தவர்களில் தொழிலாளரும், பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைகளும் ஏராளம். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஊமைப்படத்துக்கு மொழியும் தேவையில்லை. அவர்கள் நிஜ வாழ்க்கையில் கண்ட போலீஸ் எப்படிப்பட்டது? நியூயார்க் நகரில் 1892-ல் பார்க்ஹர்ஸ்ட் என்ற போதகர், போலீசாரின் ஊழலைத் தம் ஆலய மேடையிலிருந்தே கண்டித்துப் பேசினார். அதன் விளைவாக 1894-ல் லெக்சோ குழு என்னும் விசாரணைக் குழு அமைந்தது. லஞ்சமும் லத்தியடியும் அங்கே சாட்சியங்களாக வெளிவந்தன. நிஜத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத எளியவர்கள், திரையில் அந்தச் சீருடை சேற்றில் விழுவதைக் கண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வெறுப்பைக் காட்டிலும் ஆறுதலே அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே காலத்து நகைச்சுவைப் படங்களில் கறுப்பின மக்களையும் சீனர்களையும் கேவலமாகக் காட்டிச் சிரிக்க வைத்ததும் உண்டு. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். கொட்டகையில் எழுந்த சிரிப்பு ஒன்றுபோல இருந்திருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. கையில் லத்தி வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரித்தால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. மறுநாளும் அவர் போலீஸ்காரர்தான். ஏற்கெனவே தெருவில் அவமதிக்கப்படுகிறவரைப் பார்த்துச் சிரித்தால், மறுநாள் தெருவில் அவர் மேல் கல் விழலாம்.

கீஸ்டோன் படங்களில் சிரிப்பு உண்டு, சிந்தனை குறைவு. சிந்தனையையும் சேர்த்துத் தந்தவர்கள் இருவர். பஸ்டர் கீட்டன் 1922-ல் எடுத்த ‘காப்ஸ்’ என்ற படம் பதினெட்டு நிமிடம் ஓடும். ஓர் இளைஞன் பெரிய வியாபாரியாகி வந்தால்தான் திருமணம் என்கிறாள் அவன் காதலி. அவன் ஒரு குதிரை வண்டியுடன், தெரியாமல் போலீசாரின் ஆண்டு அணிவகுப்புக்குள் நுழைந்துவிடுகிறான். மாடியிலிருந்து கலகக்காரன் ஒருவன் வீசிய வெடிகுண்டு அவன் வண்டியில் வந்து விழுகிறது. அவனோ அதன் எரியும் திரியில் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, அலட்சியமாகத் தூக்கி எறிகிறான்! குண்டு அணிவகுப்பின் நடுவே வெடிக்க, நகரத்தின் மொத்தப் போலீசும் அவனைத் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் வேலிச்சுவரின் மேல் குறுக்காகக் கிடக்கும் ஏணியில் அவன் தராசு முள்போல நடுவில் தவிக்க, இருபுறமும் போலீசார் ஏணியை இழுக்கிறார்கள். இதில் போலீசார் கீஸ்டோன்காரர்களைப்போல் முட்டாள்கள் மட்டுமல்லர், கணக்கற்றவர்கள். தெருமுனையில் திரும்பினால் தெரு நிறையக் கறுப்புச் சீருடை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஒரு பயம் வருகிறது. குற்றமே செய்யாத ஒருவன்மேல் சட்டம் முழுவதும் பாய்ந்தால் அவன் எங்கே போவான்? கடைசியில் அத்தனை பேரையும் காவல் நிலையத்துக்குள் வைத்துப் பூட்டித் தப்பிக்கிறான். ஆனால் காதலி முகத்தைத் திருப்பிக்கொண்டு போக, மனமுடைந்து அவனே கதவைத் திறந்துவிடுகிறான். உள்ளிருந்து கைகள் அவனை இழுத்துக்கொள்கின்றன. ஒரு கல்லறைக் கல்லின் மேல் அவனுடைய தொப்பியைக் காட்டிப் படம் முடிகிறது. நகைச்சுவைப் படத்துக்கு இப்படியும் ஒரு முடிவா என்று முதலில் எனக்குக் கோபமே வந்தது.

மற்றவர் சாப்ளின். 1917-ல் அவர் எடுத்த ‘ஈஸி ஸ்ட்ரீட்’ படத்தில் நாடோடியான சார்லி ஒரு நற்செய்திக் கூடத்தில் நுழைந்து காணிக்கைப் பெட்டியையே சுருட்டிக்கொள்கிறான். அங்கே தொண்டு செய்யும் பெண்ணின் அன்பு அவனை மாற்ற, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போலீஸ் வேலையில் சேர்கிறான். அவனுக்குக் கிடைத்த தெருவோ ஊரிலேயே மோசமானது. அங்கே ரோந்து போன காவலர்கள் தூக்குக் கட்டிலில்தான் திரும்பி வருகிறார்கள். தெரு ரவுடி தன் பலத்தைக் காட்ட விளக்குக் கம்பத்தையே வளைக்கிறான். சட்டென்று சார்லி அந்த விளக்கை அவன் தலையில் கவிழ்த்து, வாயுவைத் திறந்துவிட்டு மயங்க வைக்கிறான். இதைவிட என்னைக் கவர்ந்தது வேறொரு காட்சி. பசியால் உணவுப் பொருளைத் திருடிய ஓர் ஏழைப் பெண் சார்லியிடம் பிடிபட்டு அழுகிறாள். சட்டப்படி அவளைக் கைது செய்ய வேண்டியவன், பக்கத்துக் கடைக்காரர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவள் முந்தானை நிறையக் காய்கறிகளை அள்ளிப் போடுகிறான்! போலீஸ் சீருடையில் அவன் செய்தது திருட்டு. அது தவறு என்று அறிவு சொல்கிறது, கண்ணோ கலங்குகிறது. லண்டனில் வறுமையில் வளர்ந்து, சிறுவயதில் ஏழைகள் விடுதியில் அடைபட்டிருந்த ஒருவரால்தான் அப்படி ஒரு போலீஸ்காரனைக் கற்பனை செய்ய முடியும்.

இத்தகைய படங்களில் பல இன்று இல்லை. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை எடுக்கப்பட்ட முழுநீள ஊமைப்படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அடியோடு அழிந்துவிட்டதாக அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் நாளடைவில் மக்கித் தூளாகிவிடும். போதாக்குறைக்குப் பேசும் படம் வந்தபின் பழையவற்றைக் குப்பை என்று கருதி எறிந்தவர்களும் உண்டு.

சாப்ளின், தாமும் கீஸ்டோனில் போலீஸ்காரனாக நடித்திருப்பதாகச் சொன்னதுண்டு. அதற்குச் சான்றாக ஒரு படமும் கிடைக்கவில்லை. பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் ஒருவர் பழைய படச்சுருள் ஒன்றை வாங்கினார். ஏதோ ஒரு கீஸ்டோன் படம் என்று எண்ணிச் சிறிது காலம் அதைப் போட்டுப் பார்க்கவும் இல்லை. பார்த்தபோது அது 1914-ம் ஆண்டின் ‘எ தீஃப் கேட்சர்’. செய்தி 2010-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. படத்தில் சில நிமிடங்கள் வந்து போகிறார் ஒரு குள்ளப் போலீஸ்காரர். தொப்பிக்குக் கீழே அந்தச் சிறு மீசை; லத்தியைச் சுழற்றும் அந்தக் கை. சாப்ளினேதான்.