கேட்டு நடத்தல்



தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அறியாததைப் பிறரிடம் வினவுதல் ஒன்று; பிறர் கூறுவதைச் செவிமடுத்தல் மற்றொன்று. யேர்மன் மொழியில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன என்பதை எமது மாணவர் நன்கு அறிவர். நம் முன்னோரோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினர். வினவியவன் விடையைச் செவிமடுக்க வேண்டும். செவிமடுப்பவன் விளங்காததை வினவ வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கேட்டல் நிறைவுறாது. நாம் வாழும் இந்நாட்டின் மலையொன்றில் நிகழ்ந்த பாடசாலைச் சுற்றுலாவைக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றோம்.

மலையேறிய மாணவர்

1936ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், தென் இலண்டனிலிருந்த ஸ்ராண்ட் பாடசாலையின் மாணவர் 27 பேர் யேர்மனிக்குச் சுற்றுலா வந்தனர். பன்னிரண்டு முதல் பதினேழு வரை வயதுடைய ஆண்பிள்ளைகள் அவர்கள். அழைத்து வந்த ஆசிரியர் கென்னத் கீஸ்ற் என்பவருக்கும் வயது 27 தான். அத்தனை பிள்ளைகளுக்கும் பொறுப்பாக நின்ற பெரியவர் அவர் ஒருவரே.

ஏப்பிரல் 17ஆம் நாள் காலை, தென்மேற்கு யேர்மனியிலுள்ள பிறைபூர்க் நகரின் இளைஞர் விடுதியிலிருந்து அவர்கள் கால்நடையாகப் புறப்பட்டனர். கருங்காடு எனப்படும் ஷுவாட்ஸ்வால்ட் பகுதியின் ஷவ்இன்ஸ்லாண்ட் மலையைக் கடந்து, அப்பாலுள்ள டொட்னவ்பேர்க் என்னும் ஊரை மாலைக்குள் அடைவதே திட்டம். மலையின் உயரம் 1284 மீற்றர். அவர்கள் புறப்பட்ட நகரமோ அதன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் கீழே உள்ளது. நாட்காட்டியின்படி அது வசந்த காலம். ஆயினும் பனி பொழிந்து கொண்டிருந்தது. பிள்ளைகள் பலர் அரைக் காற்சட்டையும் இலேசான மேற்சட்டையுமே அணிந்திருந்தனர். பனியைக் கண்ட மகிழ்ச்சியில் முதலில் அதை உருட்டி எறிந்து விளையாடினர்.

வழியில் அவர்களைக் கண்ட உள்ளூர் மக்கள் எச்சரித்தனர். காட்டோர உணவு விடுதியில் இருந்த பெண்மணி எச்சரித்தார். காட்டில் வேலை செய்தோர் எச்சரித்தனர். தபாற்காரரும் எச்சரித்தார். அவர்கள் அம்மலையை அறிந்தவர்கள்.  ஆசிரியர் அவர்கள் சொல்லை ஏற்றுத் திரும்பினாரல்லர். கையிலிருந்த வரைபடமோ மலைச்சரிவுகளை நுணுக்கமாகக் காட்டக்கூடியதன்று. பாதை பனியில் மறைந்தது. செங்குத்தான சரிவொன்றில் பிள்ளைகள் ஏறத் தொடங்கினர். மேலே செல்லச் செல்லக் காற்றுப் புயலாயிற்று. இளையோர் தளர்ந்து விழுந்தனர். மூத்தோர் அவர்களைத் தாங்கியும் இழுத்தும் நடந்தனர்.

இருள் சூழ்ந்த வேளையில், மலையின் மறுபுறத்திலுள்ள ஹொவ்ஸ்குறுண்ட் என்னும் சிற்றூரின் தேவாலய மணி ஒலித்தது. அவ்வோசை வந்த திசையைப் பற்றிக்கொண்டு முன்னே சென்ற பிள்ளைகள் பண்ணை வீடொன்றை அடைந்தனர். பின்னால் பிள்ளைகள் கிடக்கின்றனர் என்று அறிந்ததும் ஊரார் விளக்குகளும் சறுக்கு வண்டிகளும் கொண்டு புயலுக்குள் இறங்கினர். யாருடைய பிள்ளைகள், எந்நாட்டினர் என்று அவர்கள் ஆராய்ந்து நிற்கவில்லை. பனிக்குள் கிடந்தோரைச் சுமந்து வந்தனர். ஆயினும் ஐந்து பிள்ளைகள் உயிரிழந்தனர். அவர்களுள் இளையவனுக்குப் பன்னிரண்டே வயது.

மீட்டவரும் புகழ் கொண்டவரும்

அக்காலத்தில் இந்நாட்டை ஆண்டது ஹிட்லரின் ஆட்சி. அவ்வாட்சி இத்துயரைத் தன் பெருமைக்குப் பயன்படுத்தியது. இறந்த பிள்ளைகளின் பேழைகளுக்கு ஹிட்லர் இளைஞர் அமைப்பினர் காவல் நின்றனர். 1938இல் ஊருக்கு மேலே பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து இரவிற் சென்ற உழவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். அச்சின்னம் எழுந்த மறு ஆண்டே இரு நாடுகளும் போரில் இறங்கின என்பது வரலாறு.

ஆசிரியரைச் சட்டம் தண்டிக்கவில்லை. ஆனால் மகனை இழந்த தந்தையொருவர், அவருடைய கவனக்குறைவே காரணமென்று வாதிட்டு உண்மையைத் தேடினார். தம் மகனுக்கென அம்மலையில் தனியாக ஒரு நினைவுக்கல்லும் நாட்டினார். ஊர்ச்சின்னத்தைவிட அது சிறியது. ஆசிரியத் தொழில் செய்த எம்மை அச்சிறு கல்லே உறுத்துகின்றது. பெற்றோர் தம் பிள்ளையின் கையை எம் கையில் தரும்போது எதைத் தருகின்றனர் என்பதை அது சொல்லாமற் சொல்கின்றது.

வள்ளுவர் வகுத்த வரிசை

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49ஆவது காலமறிதல், 50ஆவது இடனறிதல். மன்னர்க்கும் போருக்கும் உரியவை என்று இவற்றைப் பலர் ஒதுக்கிவிடுவர். அவ்வாறு எண்ண வேண்டா. இம்மூன்றையும் அம்மலையில் வைத்துப் பாருங்கள்.

வலி என்பது தலைவனின் வலிமை மட்டுமன்று. உடன் வருவோரின் வலிமையும் ஆகும். 27 வயது இளைஞர் நடக்கக்கூடிய தூரத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நடக்க இயலாது. குழுவின் வலிமையை அளக்க வேண்டியது அதன் கடைசிப் பிள்ளையைக் கொண்டே. காலம் என்பது நாட்காட்டியன்று. ஏப்பிரல் மாதம் சமவெளியில் வசந்தமாயினும் மலையுச்சியில் மாரியாயிருக்கலாம். இடம் என்பது வரைபடமும் அன்று. அதை அறிந்தவர் அங்கு வாழ்பவரே. ஆகவே இடனறிதலுக்கு வழி, அவ்விடத்தாரைக் கேட்டலே.

எமது பிழை

பிறர் பிழையை எழுதிவிட்டு எம் பிழையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தாயகத்தில் நாம் பாடசாலை ஆசிரியராயிருந்த காலத்தில் மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றதுண்டு. அங்கு பாதையும் தெரியும். பாதையில் நிற்பவரையும் தெரியும். ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்த பின்னர், வார இறுதித் தமிழ் வகுப்பின் பிள்ளைகள் பதினால்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றொன்றின் மேலிருந்த பழைய கோட்டையைக் காண அழைத்துச் சென்றோம். எமக்கு இந்நாடே அயல்நாடு. ஆகவே அதுவும் ஓர் அயல்நாட்டுச் சுற்றுலாவே.

திரும்பும் வேளையில் பேருந்துத் தரிப்பிடத்தில் முதிய யேர்மன் பெண்மணியொருவர் எம்மை அணுகி ஏதோ கூறினார். எமக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று பிள்ளைகள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள மனம் இடந்தரவில்லை. “யா, யா” என்று தலையசைத்தோம், நன்றியும் கூறினோம். அவர் எம்மை ஐயத்தோடு பார்த்துவிட்டுச் சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குப் பின்னர் அவ்வழியே பேருந்து இல்லை என்பதே அவர் கூறியது. ஒரு மணி நேரம் காத்திருந்த பின்னரே அதை உணர்ந்தோம். மழை தூறியது. இருட்டில், தெருவோரமாக, பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நடத்திப் புகையிரத நிலையத்தை அடைய இரண்டு மணி நேரமாயிற்று. நிலையத்தில் பெற்றோர் கலங்கிய முகத்துடன் நின்றனர். எவருக்கும் தீங்கு நேரவில்லை. அது எமது திறமையாலன்று.

நடந்து வருகையில் பத்து வயதுச் சிறுமியொருத்தி மெல்லக் கூறினாள்: “சேர், அந்த அம்மா சொன்னது எனக்கு விளங்கினது.” “ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?” என்று கேட்டோம். “பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை கதைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சேர் படிப்பிச்சனீங்கள்” என்றாள்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஹொவ்ஸ்குறுண்ட் கதையை நாம் பின்னொரு நாளில் அறிந்தபோது, இங்கிலாந்து ஆசிரியரைக் குறைகூற எமக்கு நா எழவில்லை. அவர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. நாமோ எச்சரிக்கையை விளங்கியதாக நடித்தோம். மலையும் புயலும் இல்லாமையே எம்மைக் காத்தது. பணிவு என்பது நல்ல பண்பு. ஆனால் ஆபத்தை அறிந்த பிள்ளையும் வாய்திறவாதிருக்கச் செய்யும் பணிவை நாம் இனிக் கற்பிக்கப் போவதில்லை. “மன்னியுங்கள் சேர், ஒன்று சொல்ல வேண்டும்” என்று தொடங்குவதும் பணிவே.

இடரிலிருந்து பிறந்த விடுதி

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, ‘பிள்ளைகளை இனி எங்கும் அனுப்பாமல் விடுவதே மேல்’ என்று பெற்றோர் முடிவு செய்தல் ஆகாது. இன்னுமொரு செய்தியைக் கேளுங்கள். 1909ஆம் ஆண்டு ஓகஸ்ற் 26ஆம் நாள், இந்நாட்டின் அல்ரெனா நகர ஆசிரியர் றிச்சார்ட் ஷிர்மான் என்பவர் தம் மாணவரோடு பலநாள் நடைப்பயணத்தில் இருந்தபோது இடியும் மழையும் சூழ்ந்தன. பாடசாலைக் கட்டடமொன்றில் ஒதுங்கி அவர்கள் இரவைக் கழித்தனர். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் இத்தகைய இடங்கள் நடந்து செல்லும் இளையோர்க்குத் தங்குமிடமாகலாமே என்ற எண்ணம் அவ்விரவில் அவருக்கு உதித்தது. 1912இல் அல்ரெனாக் கோட்டையில் நிலையான முதல் இளைஞர் விடுதி எழுந்தது. உங்கள் பிள்ளைகள் இன்று வகுப்புச் சுற்றுலாவில் தங்கும் இளைஞர் விடுதிகளெல்லாம் அவ்விடியிரவின் வழிவந்தவை.

பெற்றோர் கவனத்திற்கு

எம்மவர் பலர் வகுப்புச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை, அனுப்பத் தயங்குகின்றனர். மறுப்பதற்கு முன்னர் கேளுங்கள். எங்கே தங்குவர், எத்தனை ஆசிரியர் செல்வர், இரவில் யார் பொறுப்பு, எவ்வகைச் சப்பாத்தும் மழையங்கியும் வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் வினவுங்கள். பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளையே வாசித்து, பிள்ளையே பொருள் சொல்ல, நாம் கையொப்பம் மட்டும் இடுவது, விளங்காமல் தலையசைத்த எமது பிழையைப் போன்றதே.

வேறு நாடொன்றுக்குச் செல்லும் சுற்றுலாவாயின் கடவுச்சீட்டு இல்லை, விசா கிடையாது என்று கூறிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பாடசாலைப் பெயர்ப்பட்டியலைக் கொண்டு, ஆசிரியருடன் குழுவாக ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து மற்றொன்றுக்கு வேற்றுநாட்டு மாணவரும் விசா இன்றிச் சென்றுவர 1994ஆம் ஆண்டிலேயே ஒன்றியம் ஒரு வழியை வகுத்தது. உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமா என்பதைப் பாடசாலையிலும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் காலத்தோடு கேட்டறியுங்கள்.

மாணவச் செல்வங்களே, அம்மலையில் பிள்ளைகளைக் காத்தவை இரண்டு: ஒலித்த மணி, அதைக் கேட்ட செவி. இருமொழி அறிந்த உங்கள் நாவே எங்கள் இல்லங்களுக்கு அம்மணி. அது ஒலிக்கட்டும்; நாங்கள் கேட்போம்.

பயிற்சி

1. ‘கேட்டல்’ என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரு வாக்கியங்கள் எழுதுக.
2. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றையும் நீர் சென்ற சுற்றுலா ஒன்றோடு பொருத்தி எழுதுக.
3. ‘பெரியோர் பேசும்போது குறுக்கிடலாகாது.’ இவ்விதிக்கு விலக்கு எப்போது? பெற்றோருடன் கலந்துரையாடுக.