ஓரியன் நெபுலாவைப் படம் பிடிக்க

டிசம்பர் முதல் மார்ச் வரை, நிலா இல்லாத இரவுதான் தோது. ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே மங்கலாகத் தெரிவது இது. கேமராவை ட்ரைபாடில் பொருத்தி மேனுவல் மோடில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600, அப்பர்ச்சர் எஃப் 2.8 சரியான தொடக்கம்.

ஷட்டர் நேரத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகளே உச்ச வரம்பு: 50 மி.மீ. லென்ஸுக்கு 10, 200 மி.மீ.க்கு இரண்டரை. இதுவே தாராளக் கணக்கு. பாதி வைத்தால் நல்லது.

இருட்டில் ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். லைவ் வியூவில் பிரகாசமான நட்சத்திரமொன்றைப் பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தைத் திருப்புங்கள். ரா ஃபார்மட்டில் நூறு படமாவது எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் நிறம் மேலெழும். நடுப்பகுதி வெளுத்துவிடும், அதற்கென ஒரு விநாடிக்கும் குறைவாகச் சில படங்கள் தனியே எடுங்கள்.