தெரிந்தே வைத்த தீ

அன்புள்ள தம்பி,

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அப்போது எது தீட்டுப்படுகிறது என்று கேட்டிருந்தாய். எதுவும் இல்லை. கால் தெரியாமல் பட்டது. கை தெரிந்தே வணங்கியது. அதோடு தீர்ந்தது. புனிதமான ஒன்றைக் குலைப்பது வேறு. அதைச் சொல்ல யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத்தான் போக வேண்டும்.

1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம் அது. ஊரே கைகொடுத்து வளர்த்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை தந்தார். 1959இல் புதிய கட்டடம் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அதைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஓலைச்சுவடிகளும் போயின. சீருடைக் காவலர்களும் கும்பலோடு நின்றதாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

நூலகத்தில் பொன்னும் பணமும் இல்லை. பின் ஏன் அங்கே போனார்கள்? அந்த மக்கள் எதைத் தங்கள் உயிராக நினைத்தார்கள் என்பது தீ வைத்தவர்களுக்குத் தெரியும். புனிதத்தை அறியாதவன் அதைக் கடந்து போய்விடுவான். அறிந்தவன்தான் அதைத் தேடி வந்து அழிக்கிறான். இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கட்டடத்தை மறுபடி கட்டிவிட்டார்கள். வேறெங்கும் படி இல்லாத சுவடியை யார் எழுதித் தருவது?

இதற்கு நேரெதிரான வேலை உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தரமணியில் நடக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு லட்சம் அளவுக்கு நூல்களும் இதழ்களும் திரட்டி வைத்துவிட்டு 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். தொட்டால் உதிரும் தாள்களை நுண்படச்சுருளில் எடுத்துக் காத்தார்கள். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு என்று எதையும் அற்பமென்று தள்ளவில்லை. பிரதி ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒரு தீயால் எல்லாவற்றையும் அழிக்க முடியாது அல்லவா?

கரையான் தின்றாலும் இழப்பு இழப்புதான். அதில் பகை இல்லை, நம் அசட்டை இருக்கிறது. உன் தாத்தா வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடக்கும் பழைய நூல்களை எடைக்குப் போடுவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். முதலில் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, பெயரும் ஆண்டும் குறித்துக்கொள். அந்தப் பட்டியலோடு தரமணிக்குப் போய் அவர்களிடம் காட்டு.

அன்புடன்,
அண்ணன்