பழைய ராணுவ ஜீப்: 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

1941 முதல் 1945 வரையில் வில்லிஸ், போர்டு கம்பெனியார் அமெரிக்க ராணுவத்திற்குக் கட்டிய ஜீப்புகள் 6 வோல்ட் பாட்டரியைக் கொண்டவை. யுத்தம் முடிந்தபின் இந்நாட்டில் விற்கப்பட்ட அவ்வண்டிகளில் ஒன்றை வேலூர், ஆம்பூர்ப் பக்கங்களில் தோட்ட வேலைக்கு வைத்திருப்பவர், விளக்கு மங்குகிறது, ஸ்டார்ட்டர் தயங்குகிறது என்று உடனே 12 வோல்ட்டாக மாற்ற முற்படுவது உசிதமன்று.

ஒரே அளவு சக்தியைப் பெற, 12 வோல்ட்டில் ஓடுவதைப்போல் இரண்டு மடங்கு ஆம்பியர் 6 வோல்ட்டில் ஓட வேண்டும். ஆகையால் இணைப்புகளில் துரு சிறிதேயிருப்பினும் நஷ்டம் அதிகம். விளக்கிற்கு 0.6 வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போய்விடும். இப்பகுதியில் துருவிற்கு விசேஷக் காரணமும் உண்டு. தோல் பதனிடும் சாலைக்குப் பச்சைத்தோல் உப்பிட்டே வருகிறது. அதை ஏற்றிய வண்டியில் உப்புநீர் கசிந்து சட்டத்தை அரிக்கும். மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழியோ அச்சட்டமே.

எனவே முதலில் பாட்டரியின் எர்த் பட்டையைக் கழற்றி, சட்டத்தில் அது பதியுமிடத்தை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, மீண்டும் இறுக முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுக. எஞ்சினுக்கும் சட்டத்திற்கும் இடையிலுள்ள பட்டையையும் மறவற்க. 12 வோல்ட் வண்டிக்குரிய மெல்லிய பாட்டரிக் கேபிள் இதற்கு உதவாது.

அதன்பின்னும் மாற்றியே தீரவேண்டுமாயின் டைனமோ, ரெகுலேட்டர், காயில், பல்புகள், ஹாரன் யாவும் மாறவேண்டும். பெட்ரோல் அளவு காட்டும் கருவிக்கும் தக்க ஏற்பாடு வேண்டும். பழைய கம்பிகள் மேலுறை கெடாதிருப்பின் அவையே போதும், ஆம்பியர் குறைவதால். 6 வோல்ட் ஸ்டார்ட்டர் 12 வோல்ட்டிலும் சுழலும். ஆயினும் அவ்வேகத்தில் பிளைவீல் பற்கள் அடிபடும். சில விநாடிகளுக்கு மேல் அதை அழுத்தலாகாது.