சராசரி மட்டும் போதுமா? – தீவனப் பயிரை அளந்து ஒரு பாடம்

அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டமும் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பமும் இப்போது மாநகரின் ஒரு பகுதிதான். ஆனாலும் இங்குள்ள மாட்டுக் கொட்டகைகள் மறைந்துவிடவில்லை. இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். காலையில் புல் கட்டு இறக்கிவிட்டு வகுப்புக்குச் சற்றுத் தாமதமாக வருபவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குத் தெரிந்ததைக் கொண்டே கணக்கும் அறிவியலும் கற்பிக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு சிறிய தீவனத் தோட்டம் போதும்.

கோடை நடுவில் மக்காச்சோளமும் ஓட்ஸும் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று வயலில் இறங்கிப் பார்ப்பது குளிர் நாடுகளின் பால்பண்ணைக் குடும்பங்களில் வழக்கம். ஓட்ஸ் குளிர்ச்சியை விரும்பும் பயிர். வட இந்தியச் சமவெளியில்கூட அதைக் குளிர்காலத் தீவனமாகவே பயிரிடுகிறார்கள். சென்னை வெயிலுக்கு அது ஒத்துவராது. இங்கே அதன் இடத்தில் இருப்பது தீவனச் சோளம். ஆகவே நம் பாடத்துக்கான இரண்டு பயிர்கள் மக்காச்சோளமும் சோளமும். மே இரண்டாம் வாரத்தில் கிணற்று நீரிலோ ஆழ்துளைக் கிணற்று நீரிலோ விதைத்த பயிர், ஜூனில் பள்ளி திறக்கும்போது ஏறத்தாழ ஒரு மாத வயதில் இருக்கும். ஜூலை நடுவில் அறுவடைக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை வீதம் ஐந்து முறை அளக்க நமக்குக் காலம் கிடைக்கிறது.

கற்றல் விளைவுகள்

தொடக்க வகுப்பு மாணவர்கள் நீளத்தை அளந்து ஒப்பிட்டுப் பட்டை வரைபடம் வரைவர். நடுநிலை வகுப்பு மாணவர்கள் சராசரி, இடைநிலை அளவு, விழுக்காடு ஆகியவற்றைத் தாங்களே திரட்டிய தரவைக் கொண்டு கண்டறிவர். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் மாதிரி எடுத்தல், பரப்பிலிருந்து விளைச்சலை மதிப்பிடுதல், பயிரின் வளர்ச்சிப் பருவங்கள் ஆகியவற்றை விளக்குவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கேள்விக்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை மாணவர் அறிய வேண்டும். இந்தப் பாடத்தின் மையம் அதுதான்.

போகும் முன்

தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். தோட்டத்துக்குரியவர் உடன் இருக்க வேண்டும். காலை 9 மணிக்குள் வேலையை முடித்துவிடலாம். மக்காச்சோள இலையின் ஓரம் தோலைக் கீறும் என்பதால் முழுக்கைச் சட்டையும், பாம்பு நடமாட்டம் இருக்கக்கூடும் என்பதால் காலணியும் அவசியம். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக்குள் மாணவரை அனுப்பக் கூடாது. அரிவாள் பெரியவர் கையில் மட்டுமே இருக்கட்டும்.

தேவையான பொருள்கள்: அளவு நாடா, வண்ண நூல், சமையலறை எடைக்கருவி, தொங்கு தராசு, குறிப்பேடு.

செயல்பாடு 1: உயரம் என்றால் எது?

ஒரே மக்காச்சோளச் செடியை இரண்டு குழுக்களிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு குழு இலையை நிமிர்த்திப் பிடித்து அதன் நுனி வரை அளக்கும். மற்றொரு குழு மேல் இலை தண்டைத் தழுவும் மடிப்பு வரை அளக்கும். இரண்டு விடைகளும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் சரியாகவும் இருக்கும். எதை உயரம் என்று கொள்வது என வகுப்பே முடிவு செய்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதட்டும். அந்த முடிவை ஐந்து வாரமும் மாற்றக் கூடாது.

உயரத்தோடு இலைகளையும் எண்ண வேண்டும். செடி வளர வளர அடியிலைகள் காய்ந்து உதிர்வதால் எண்ணிக்கை தவறிப்போகும். ஐந்தாம் இலையின் அடியில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டால், அடுத்த வாரம் அங்கிருந்து ஆறு, ஏழு என்று எண்ணிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஆறு இலைகள் முழுதாக விரியும் வரை மக்காச்சோளத்தின் வளர்நுனி மண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறது. அதன் பிறகுதான் தண்டு விறுவிறுவென நீள்கிறது. மாணவர் வரையும் வரைபடத்தில் கோடு திடீரெனச் செங்குத்தாக ஏறுவதற்கு இதுவே காரணம். காரணத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தைப் பார்த்து அவர்களே கேட்கட்டும்.

செயல்பாடு 2: எந்தச் செடியை அளப்பது?

எந்தச் செடியையும் அளக்கலாம் என்று விட்டால் மாணவர்கள் வரப்போரம் நிற்பதைத்தான் அளப்பார்கள். அங்கே நிற்க வசதி இருக்கிறது, தண்ணீர் பாயும் வாய்க்காலும் அருகில் இருக்கிறது. அங்குள்ள ஐந்து செடிகளின் உயரம் செ.மீ. அளவில் 178, 184, 190, 181, 187 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 184.

இனி, பூச்சித் தாக்குதலைக் கண்காணிக்க வேளாண் அலுவலர்கள் சொல்லித் தரும் முறையைக் கையாளலாம். ஆங்கில 'டபிள்யூ' எழுத்தின் வடிவில் தோட்டத்தின் குறுக்கே நடந்து ஐந்து இடங்களில் நிற்க வேண்டும். எத்தனை அடி நடந்து நிற்பது என்பதைத் தோட்டத்துக்குள் இறங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். செடியைப் பார்த்த பிறகு இடத்தைத் தேர்ந்தால், கண் உயரமான செடியையே தேடிப் போகும். இடத்துக்கு ஐந்து செடி வீதம் 25 செடிகளை அளந்து, ஐந்து இடங்களின் சராசரி 184, 162, 149, 128, 157 என்று வந்ததாகக் கொள்வோம். மொத்தச் சராசரி 156. வரப்போரச் செடிகள் மட்டும் சொன்னதற்கும் தோட்டம் முழுவதும் சொல்வதற்கும் 28 செ.மீ. வேறுபாடு.

அதே 25 செடிகளில் படைப்புழுவையும் தேடலாம். 2018-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இப்புழு மக்காச்சோளக் குருத்துக்குள் ஒளிந்து தின்னும். இலையில் சன்னல் போன்ற ஓட்டைகளும் குருத்தில் மரத்தூள் போன்ற கழிவும் அதன் அடையாளங்கள். புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளும் இருக்கும். 25-இல் 3 செடிகளில் தென்பட்டால் அது 12 விழுக்காடு.

செயல்பாடு 3: எத்தனை நாளைக்கு வரும்?

தீவன மக்காச்சோளத்தில் 'ஆப்பிரிக்கன் டால்' பரவலாகப் பயிராகும் இரகம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடிகள் இருக்க வேண்டும்? ஏறத்தாழ 22. வரிசையில் 3 மீட்டர் 33 செ.மீ. நீளத்தில் உள்ள செடிகளை எண்ணினால் அது ஒரு சதுர மீட்டருக்குச் சமம். முளைக்காமல் போனவை எத்தனை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கதிரில் மணி பால் பிடிக்கும் பருவம் அறுவடைக்கு ஏற்றது. மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளைப் பால் கசியும். குடும்பத்தார் அறுக்கத் தொடங்கும் நாளில், ஐந்து இடங்களிலும் ஒரு சதுர மீட்டர் வீதம் அவர்களே அறுத்துத் தரட்டும். எடை போட்ட பிறகு அது மாட்டுக்கே போவதால் எதுவும் வீணாகாது. எடைகள் 4.2, 3.6, 3.1, 2.2, 3.4 கிலோ என்றால் சராசரி 3.3 கிலோ.

தோட்டம் 6 செண்ட். ஒரு செண்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் பரப்பு ஏறத்தாழ 243 சதுர மீட்டர். கிடைக்கும் பசுந்தீவனம் 802 கிலோ. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ என்று கொண்டால் மூன்று மாடுகளுக்கு 75 கிலோ வேண்டும். 802 கிலோ என்பது பத்தரை நாளுக்குச் சற்றுக் கூடுதல். வரப்போரத்து 4.2 கிலோவை மட்டும் நம்பியிருந்தால் 1021 கிலோ, அதாவது பதின்மூன்றரை நாள் என்று கணக்கு வந்திருக்கும். இல்லாத மூன்று நாள் தீவனத்தை அந்தக் குடும்பம் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும். மாதிரி எடுத்தலில் நேரும் பிழைக்கு வீட்டில் என்ன விலை என்பது மாணவருக்கு இப்போது புரியும்.

வகுப்பறைக்குத் திரும்பியதும் 500 கிராம் தீவனத்தை நறுக்கி வெயிலில் பரப்புங்கள். எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை நாள்தோறும் எடை போடட்டும். 110 கிராமில் நின்றால் மீந்தது 22 விழுக்காடு, போனது தண்ணீர். இளம் பயிரில் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் இருக்கும். வயிறு நிறைய இளம் புல் தின்றும் மாடு ஏன் மீண்டும் கத்துகிறது என்பதற்கு மாணவரே விடை சொல்வர்.

செயல்பாடு 4: சோளத்தில் சராசரி ஏமாற்றும்

மக்காச்சோளத்துக்குப் பயன்பட்ட சராசரியை அப்படியே சோளத்துக்குக் கொண்டு போனால் ஆபத்து. 50 நாள் வயதுள்ள சோளத்தில் ஐந்து இடங்களின் உயரம் 138, 131, 126, 119, 56 செ.மீ. என்று கொள்வோம். சராசரி 114. இடைநிலை அளவு 126. இரண்டு எண்களும் பயிர் நன்றாக இருக்கிறது என்றே சொல்கின்றன. தண்ணீர் எட்டாத மூலையில் சுருண்டு நிற்கும் 56 செ.மீ. சோளத்தை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

தோட்டத்துக்கு உடன் வந்த ஓர் ஆயா, எந்த எண்ணையும் பார்க்காமல் அந்த மூலையைக் கைகாட்டினார்.

"அங்க மட்டும் அறுக்காத கண்ணு. எளஞ்சோளம், வாடிக் கெடக்குது. மாடு தின்னா சாஞ்சிடும்."

"ஏன் ஆயா, மத்த இடத்துல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"மத்த எடத்தயா மாடு திங்கப் போவுது? அந்தக் கட்டத்தான் திங்கும்."

அறிவியல் சொல்வதும் இதையேதான். இளம் சோளத்தில் துரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மாடு மென்று தின்னும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. இரத்தம் கொண்டு வரும் ஆக்சிஜனை உடல் செல்கள் பயன்படுத்த முடியாமல் போக, மூச்சுத் திணறி மாடு சிறிது நேரத்திலேயே இறக்கக்கூடும். இளம் பருவத்திலும், வறட்சியில் வாடியபோதும், அறுத்த தாளிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்போதும் இந்த நச்சு மிகுதி. பயிர் முதிர முதிரக் குறைகிறது. நன்றாக உலர்த்திய தட்டையிலும் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பலமுறை அறுக்கும் தீவனச் சோளமான கோ எஃப்.எஸ். 29 இரகத்துக்கு முதல் அறுவடை ஏறத்தாழ 65 நாளில், பிறகு ஏறத்தாழ 50 நாளுக்கு ஒருமுறை என்று காலம் குறித்திருப்பதை இதனோடு சேர்த்து மாணவருக்கு விளக்கலாம்.

இங்கேதான் பாடத்தின் மையக் கேள்வியைக் கேட்க வேண்டும். எத்தனை நாளைக்குத் தீவனம் வரும் என்று அறியச் சராசரி தேவைப்பட்டது. மாட்டுக்குத் தரலாமா என்று அறிய எந்த எண் தேவை? மிகச் சிறிய எண். மாடு சராசரியைத் தின்பதில்லை, தன் முன் போடப்பட்ட கட்டைத்தான் தின்கிறது. ஆயா சொன்னதைக் கணக்கு மொழியில் எழுதினால் 'குறைந்தபட்ச மதிப்பைப் பார்' என்று வரும். இதை ஒரு மாணவர் தன் சொற்களில் சொல்லிவிட்டால் பாடம் நிறைவேறிவிட்டது.

அறுப்பதா வேண்டாமா என்ற முடிவு வீட்டுப் பெரியவர்களுடையது. ஐயம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மாணவர் தரவைத் தருவார், தீர்ப்பு வழங்க மாட்டார்.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்றாம், நான்காம் வகுப்பினர் சாண், முழம் கொண்டு அளந்த பிறகு அளவு நாடாவுக்கு வரலாம். செடியின் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, வாரந்தோறும் கிடைக்கும் கயிறுகளைச் சுவரில் வரிசையாக ஒட்டினால் அதுவே பட்டை வரைபடம். மக்காச்சோள நாற்றும் சோள நாற்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். மெல்லத் தோண்டி, வேரோடு ஒட்டியிருக்கும் விதையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிதாகத் தட்டையாக இருந்தால் மக்காச்சோளம், சிறிதாக உருண்டையாக இருந்தால் சோளம். அருகில் தோட்டம் இல்லாத பள்ளிகளில் ஐந்து சாக்குகளில் மண் நிரப்பி மக்காச்சோளம் விதைத்து, வெயிலிலும் நிழலிலுமாக வைத்து அளக்கலாம்.

மதிப்பீடு

சூத்திரத்தைக் கேட்காமல் சூழலைக் கொடுத்துக் கேளுங்கள். ஊர்க் குளத்தின் சராசரி ஆழம் 3 அடி என்றால் நீந்தத் தெரியாதவர் இறங்கலாமா? சத்துணவுக்கு மாதம் எவ்வளவு அரிசி வேண்டும் என்று கணக்கிட எந்த எண் உதவும்? பேருந்தைத் தவறவிடாமல் இருக்க, வழக்கமாக ஆகும் நேரத்தைப் பார்ப்பதா, அதிகபட்சமாக ஆகும் நேரத்தைப் பார்ப்பதா? எண்ணோடு காரணத்தையும் எழுதுபவருக்கே முழு மதிப்பெண்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. தேர்வு முடிந்ததும் வகுப்புச் சராசரியை எழுதி அனுப்புகிறோம். 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை அறிந்து கற்பிக்கச் சொன்னதன் பொருளும், சராசரிக்குள் மறைந்துவிடும் குழந்தையைக் கண்டெடுப்பதுதான். மதிப்பெண் பட்டியலில் சராசரிக்குக் கீழே கோடு போடும் முன், தண்ணீர் எட்டாத மூலை எது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.