மணிமேகலை எங்க போனா?

நாவலைப் படிச்சுட்டு படம் பார்க்கப் போறவங்க பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுவாங்க: எது இருக்கு, எது இல்ல. அதோட நிக்காம இன்னொரு கேள்வியும் கேளுங்க. எடுத்த பாத்திரம் கதையில என்ன வேலை செஞ்சுட்டு இருந்துச்சு? ட்ரஸ்ல ஒரு மெம்பரை எடுத்தா அதோட லோடு எங்க போகுதுன்னு பார்ப்போமே, அதே மாதிரி.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல்ல டாம் பாம்படில்னு ஒருத்தர் வருவார். மோதிரம் அவரை ஒண்ணும் செய்யாது. பீட்டர் ஜாக்சனோட 2001 படத்துல அவரே கிடையாது. எல்லாரும் நடுங்குற மோதிரத்தை ஒருத்தர் விளையாட்டுப் பொருள் மாதிரி கையில வச்சுக்கிட்டா, தியேட்டர்ல யாருக்குப் பயம் வரும்?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1950லிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். அது சரித்திர நாவல்தான். ஆனா வால்நட்சத்திரம், சுரங்கப்பாதை, மந்திரவாதி ரவிதாஸன் எல்லாம் இருக்கிறதால, ஃபேன்டஸி பிரியர்களுக்கு அதுல குறை ஒண்ணும் தெரியாது. மணிரத்னம் அஞ்சு பாகத்தையும் 2022, 2023ல ரெண்டு படமா எடுத்தார். மொத்தம் ஏறக்குறைய அஞ்சரை மணி நேரம்.

போன செமஸ்டர் லீவுல பேத்துப்பாறையில பெரியம்மா வீட்டுல ரெண்டையும் லேப்டாப்புல போட்டோம். இருட்டினா யானைக்குப் பயந்து யாரும் வெளிய போகாத ஊரு, படம் பார்க்க வசதி! முடிஞ்சதும் பெரியம்மா, "மணிமேகலை எங்கடா?"ன்னு கேட்டாங்க. நாவலைத் தொடாத என் தம்பி திருப்பிக் கேட்டான்: "யாரு மணிமேகலை?" பெரியம்மா முகம் மாறிப்போச்சு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற நம்ம செட்டுல பாதிப் பேருக்குப் படம்தான் நாவல். அதுல இல்லாத ஆள் உலகத்துலயே இல்ல.

(இனிமே ஸ்பாய்லர் வரும்.)

மணிமேகலை கடம்பூர் இளவரசி, கந்தமாறனோட தங்கச்சி. வந்தியத்தேவன்மேல உயிரையே வச்சிருக்கா. ஆதித்த கரிகாலன் கொலைப்பழி அவன்மேல விழும்போது, "நான்தான் கொன்னேன்"னு சொல்றவ அவதான். அந்தப் பொய்க்கு ஏன் அவ்வளவு பலம்? கொன்னது யாருன்னு கல்கி கடைசி வரைக்கும் தீர்த்துச் சொல்லல. நமக்கே தெரியாத இடத்துலதான் அவ பொய் நிக்குது.

படத்துல அந்த மர்மம் இல்ல. ரெண்டாம் பாகமே சின்ன வயசு கரிகாலனும் நந்தினியும் சந்திக்கிறதுலதான் ஆரம்பிக்குது. கடம்பூர்ல அந்தக் காதல் எப்படி முடியுதுன்னு நம்ம கண்ணாலயே பார்த்துடறோம். அதுக்கப்புறம் மணிமேகலை வந்து "நான்தான்"னு சொன்னா, பாவமா இருக்கும், அவ்வளவுதான். அதனால, நேரம் பத்தாமதான் அவளை வெட்டினாங்கன்னு நான் நினைக்கல. கொலையை மர்மமா வைக்காம காதலோட முடிவா வச்ச அன்னைக்கே அவளுக்கு வேலை போயிடுச்சு.

அந்த முடிவு எனக்குப் பிடிச்சிருக்கு. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிக்கிற காட்சிகள்தான் ரெண்டு படத்துலயும் உச்சம். ஆனா போன லோடு போனதுதான். பதிலுக்கு எதுவும் கிடைக்காம, தனக்காக ஒண்ணும் கேட்காம நேசிக்கிற ஒரு பொண்ணு நாவல்ல இருந்தா. கடைசியில வந்தியத்தேவன் மடியிலயே உயிரை விடுறா. அந்த எடையைத் தாங்க படத்துல வேற ஆள் இல்ல.

இதே சோதனையை நீங்க சேந்தன் அமுதனுக்குப் போட்டுப் பாருங்க. நாவல்ல அவன் யாருன்னு கடைசியில தெரியவரும். படத்துல அவன் அப்படியே பூக்கட்டுற பையனாவே நின்னுடறான். அந்த ஆள்மாறாட்டத்தை எடுத்ததால மதுராந்தகன் பாத்திரம் எவ்வளவு மாறுதுன்னு குறிச்சுக்கோங்க. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனது, மதுரைத் திட்டத்துல இலவசமாவே கிடைக்குது. மணிமேகலைக்கு மட்டும்னா அஞ்சாம் பாகம் 'தியாக சிகரம்' போதும். படிக்கக் கஷ்டமா இருந்தா வீட்டுல பெரியவங்க யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க. பெரியம்மா இப்போ தம்பிக்கு ராத்திரி ரெண்டு அத்தியாயம் வாசிக்கிறாங்க, ரெண்டு பேரும் இன்னும் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டல.