ஒரு கார்டு, இரண்டு டிரைவர்: லினக்ஸில் வைஃபை ஏன் வரலை?

உபுண்டு போட்டாச்சு. சவுண்டு வருது, டிஸ்ப்ளே வருது, வைஃபை பட்டியல் மட்டும் காலி. நெட்டில் பார்த்த மூணு தீர்வையும் ஒண்ணு மேல ஒண்ணா இன்ஸ்டால் பண்ணியும் பலனில்லை. அடுத்து ஹாஸ்டலில் கிடைக்கும் அறிவுரை, "ஃபார்மேட் பண்ணிடு". பண்ணாதீங்க. ப்ராஜெக்ட் ஃபைல்தான் போகும், வைஃபை அப்படியேதான் இருக்கும்.

பிராட்காம் கார்டு உள்ள லேப்டாப்களில் பல நேரம் சிக்கல் டிரைவர் இல்லாததால் வருவதில்லை, ஒண்ணுக்கு மேல் இருப்பதால் வருது. கெர்னலோடு வரும் திறமூல டிரைவர்கள் பி43, பிஆர்சிஎம்எஸ்மேக். பிராட்காம் தரும் மூடிய டிரைவர் டபிள்யூஎல். ஒரு கார்டை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். இதில் பிசிஎம்ஏ என்ற மாட்யூல் பஸ் சீட்டில் துண்டு போடுற வேலையைச் செய்யும். திறமூல டிரைவருக்காக இடம் பிடிச்சு வைக்கும். அந்த டிரைவருக்கு உங்க கார்டே தெரியாதுன்னா? துண்டு மட்டும் கிடக்கும், யாரும் உட்கார மாட்டாங்க, டபிள்யூஎல்லும் நின்னுக்கிட்டே வரணும்.

முதலில் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுங்க (டைப் பண்ணும்போது ஆங்கில எழுத்தில்தான்). நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியில் 14ஈ4 என்று தொடங்கும் எண் இருக்கும். லேப்டாப் மாடலை வெச்சு தேடாதீங்க, ஒரே மாடலில் வேற வேற கார்டு வரும். எண்தான் முக்கியம். அதுக்குக் கீழே எந்த டிரைவர் கார்டைப் பிடிச்சிருக்கு, எந்தெந்த மாட்யூல் போட்டியில் இருக்கு என்பதும் தெரியும்.

14ஈ4:4727 என்றால் அது பிசிஎம்4313. பிஆர்சிஎம்எஸ்மேக் போதும், டபிள்யூஎல்லை எடுத்துடலாம். ஆனா 'ரிமூவ்' போதாது, 'பர்ஜ்' கொடுங்க. ரிமூவ் பண்ணினா கான்ஃபிக் ஃபைல் தங்கிடும், மத்த டிரைவர்களைத் தடுக்கும் பிளாக்லிஸ்ட் அதில்தான் இருக்கும். டபிள்யூஎல் போன பிறகும் திறமூல டிரைவர் எழாததுக்கு இதுதான் வழக்கமான காரணம்.

14ஈ4:4365, அதாவது பிசிஎம்43142 என்றால் தலைகீழ். டபிள்யூஎல் மட்டும்தான் வழி. ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் போட்டு பேக்கேஜை இறக்குங்க. பிறகு 'சூடோ மாட்புரோப் -ஆர்' கொடுத்து பி43, எஸ்எஸ்பி, பிஆர்சிஎம்எஸ்மேக், பிசிஎம்ஏ நாலையும் இறக்கிட்டு 'சூடோ மாட்புரோப் டபிள்யூஎல்' கொடுங்க. வைஃபை வந்தா, அந்த நாலையும் மாட்புரோப்.டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் பண்ணி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டுங்க. இதை விட்டா ரீபூட்டில் துண்டு திரும்ப விழலாம்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தா கையெழுத்தில்லாத மாட்யூலை கெர்னல் ஏத்தாது. இன்ஸ்டால் நேரத்தில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த ரீபூட்டில் நீலத் திரை வரும். அவசரத்தில் 'கன்டினியூ பூட்' அழுத்தாம 'என்ரோல் எம்ஓகே' எடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்க.

கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை மறுபடி காணாம போனா, புது கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்கான்னு பாருங்க. அது இல்லாம டிகேஎம்எஸ்ஸால டபிள்யூஎல்லைத் திரும்பக் கட்ட முடியாது.